உயிர் இருநிலையில் நிற்குமா? – போர் முதல் நீர்க்கரடி வரை



2021 திசம்பர் மாதம் உலக ஊடகங்கள் பலவற்றில் ஒரு செய்தி பரபரப்பாக வெளிவந்தது. உயிருள்ள விலங்கு ஒன்று முதன்முறையாகக் குவாண்டம் நிலைக்குள் நுழைந்துவிட்டது என்பதே அச்செய்தி. அவ்விலங்கின் பெயர் நீர்க்கரடி. கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்னும் அளவினது. ஆய்வு நடந்த இடம் சிங்கப்பூர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஆய்வுக் கட்டுரையில் பெயர் கொடுத்தவர்களுள் ஒருவர் நம் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். செடெனாக்கில் இருந்து புறப்பட்டால் ஸ்கூடாய் நெடுந்தொலைவன்று. துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்துவிட்டால் அந்தச் சிங்கப்பூர் ஆய்வகமும் அருகில்தான். ஆயினும் நம் பள்ளிகளில் இச்செய்தியைச் சரியாக அறிந்தவர் மிகச் சிலரே.

சரியாக அறியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இச்செய்தி புலனக் குழுக்களில் வலம் வந்தபோது அதற்கு ஒரு வால் முளைத்தது. "ஓருயிர் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் இருக்கலாம் என்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டது, நம் முன்னோர் இதை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்பதே அந்த வால். மாணவர்கள் அதை அப்படியே அறிவியல் கட்டுரையில் எழுதுகிறார்கள். பெற்றோர் சிலர் 'குவாண்டம்' என்னும் பெயர் பொறித்த பதக்கத்தைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள். நீர்க்கரடிச் செய்தி வெளிவந்த அதே 2021 திசம்பரில்தான் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், உடலைக் காக்கும் என்று கூறி விற்கப்பட்ட பதக்கம், வளையல் முதலிய பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டறிந்து, அவற்றை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அவற்றுள் ஒன்று குழந்தைகளுக்கான வளையல். ஆகவே இஃது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

உயிரும் குவாண்டமும் சந்தித்த வரலாறு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீளமுடையது. அதனைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். அதற்கு முன், மேற்பொருந்துதல் என்னும் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மூடிய கைக்குள் ஒரு காசு இருக்கிறது. பூவா தலையா என்று நமக்குத் தெரியாது. இது மேற்பொருந்துதல் அன்று. காசு ஏதேனும் ஒரு பக்கமாகத்தான் கிடக்கிறது. குறை நம் அறிவில்தான் உள்ளது. மாறாக, குளத்தில் இரண்டு கற்களை எறியுங்கள். இரண்டு அலைவட்டங்கள் விரிந்து ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சில புள்ளிகளில் நீர் இருமடங்கு எழும். சில புள்ளிகளில் அசையாது நிற்கும். அந்த இடத்தில் நீர் 'முதல் அலையா, இரண்டாம் அலையா' என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டும் கூடியதே அந்நிலை. மின்னணு, ஒளித்துகள், அணு ஆகியவை இவ்வாறே இரண்டு வழிகளின் கூட்டாக நிற்க வல்லவை என்பதும், அலைகளின் கூட்டலும் கழித்தலும் திரையில் வரிவரியாகப் பதிவதே அதற்குச் சான்று என்பதும் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. வரி தெரிந்தால் மேற்பொருந்துதல் உண்டு; தெரியாவிட்டால் வெறும் பேச்சு. இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1932 ஆகத்து 15. கோபன்ஹேகன் நகரில் ஒளிச் சிகிச்சை மருத்துவர்களின் அனைத்துலக மாநாடு. தொடக்கவுரை ஆற்ற வந்தவர் டென்மார்க்கின் புகழ்பெற்ற இயற்பியலறிஞர் நீல்ஸ் போர். 'ஒளியும் உயிரும்' என்பது உரையின் தலைப்பு. ஒளியை அலையாகக் காட்டும் ஆய்வும் துகளாகக் காட்டும் ஆய்வும் ஒன்றையொன்று விலக்குவன. ஆயினும் இரண்டும் சேர்ந்தே ஒளியை முழுமையாகக் காட்டும் என்பது அவருடைய நிரப்புமைக் கொள்கை. அதே போன்ற விலக்கம் உயிரிலும் இருக்கலாம் என்றார் அவர். ஒரு விலங்கின் ஒவ்வோர் அணுவும் எங்கே உள்ளது, என்ன செய்கிறது என்று துல்லியமாக அளக்க முற்பட்டால் அந்த அளவீடே விலங்கைக் கொன்றுவிடும். அணுவளவில் முற்றும் அறிந்த உயிர், உயிராக இராது. உயிராக இருப்பதை அணுவளவில் முற்றும் அறிய இயலாது. சுருங்கச் சொன்னால் இதுவே போரின் வாதம்.

அவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்த மாக்ஸ் டெல்புரூக் என்னும் இளம் இயற்பியலர் அதன்பின் உயிரியலுக்கே மாறிவிட்டார். போர் சொன்ன விலக்கத்தை உயிரணுக்களில் கண்டுபிடிப்பதே அவர் நோக்கம். அவர் அதைக் காணவில்லை. ஆனால் தேடிய வழியில் மூலக்கூற்று உயிரியல் என்னும் துறை உருவாகத் துணை நின்று, 1969இல் நோபல் பரிசையும் பெற்றார். தவறான வாயிலைத் தட்டியவனுக்கு வேறு வீடு கிடைத்த கதை என்று இதைச் சொல்லலாம்.

அந்நாளில் பாஸ்குவால் யோர்டான் என்னும் செருமானியரும் இதே களத்தில் இறங்கினார். உயிரணுவின் உள்ளே ஒரு சில மூலக்கூறுகளின் குவாண்டம் நிகழ்வுகள் பெருக்கப்பட்டு உடல் முழுவதையும் ஆள்கின்றன என்பது அவர் கருத்து. அவர் நாசிக் கட்சியில் சேர்ந்தவர். போர்க்காலத்திற்குப் பின் அவருடைய கருத்தைப் பெரிதாக எடுத்துப் பேசுவார் இல்லை.

1935இல் வந்தது சுரோடிங்கரின் பூனை. மூடிய பெட்டியில் பூனை. கதிரியக்க அணு ஒன்று சிதைந்தால் நச்சுக்குப்பி உடையும். அணு சிதைந்தும் சிதையாமலும் மேற்பொருந்தி நிற்குமானால், பூனையும் செத்தும் சாகாமலும் நிற்க வேண்டுமே! பாடநூல்களும் திரைப்படங்களும் இதனைக் குவாண்டத்தின் வியப்பாகக் காட்டுகின்றன. ஆனால் சுரோடிங்கர் இதை எழுதியது வியப்பதற்காக அன்று, எள்ளுவதற்காக. அணுவின் மயக்கத்தைப் பூனையின் மீது ஏற்றினால் வரும் அபத்தத்தைப் பாருங்கள் என்றார். அவர் கேலியாகச் சொன்னது காலப்போக்கில் கொள்கை விளக்கமாக மாறிவிட்டது. மாணவர்க்குக் கற்பிக்கும்போது இந்த ஒரு செய்தியையாவது சேர்த்துச் சொல்லுதல் நலம்.

அதே சுரோடிங்கர் 1943இல் டப்ளினில் 'உயிர் என்றால் என்ன?' என்னும் தலைப்பில் உரைத்தொடர் நிகழ்த்தி, அடுத்த ஆண்டு நூலாக்கினார். மரபுச் செய்தியைச் சுமப்பது ஒழுங்கில்லாப் படிகம் போன்ற ஒரு மூலக்கூறாக இருக்க வேண்டும் என்று அந்நூல் ஊகித்தது. பின்னாளில் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த வாட்சன், கிரிக் இருவரும் அந்நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர்கள். அந்நூலின் முடிவுரையில் உபநிடதக் கருத்து இடம்பெற்றிருக்கிறது. இதைக் காட்டித்தான் நம்மவர் பலர் 'குவாண்டம் வேதாந்தத்திலிருந்து வந்தது' என்கிறார்கள். காலவரிசை வேறு கதை சொல்கிறது. வேதாந்த நாட்டத்தை விளக்கும் 'என் உலகநோக்கு' என்னும் தம் நூலின் முதற்பகுதியை அவர் 1925இல் எழுதினார். அலைச் சமன்பாடு 1926இல் வெளிவந்தது. அவரது மெய்யியல் நாட்டம் சமன்பாட்டுக்கு முந்தியது; சமன்பாட்டால் விளைந்ததன்று. சமன்பாட்டின் மெய்ப்பும் மெய்யியலைச் சார்ந்து நிற்கவில்லை. அஃது ஐதரசன் அணுவின் ஆற்றல் நிலைகளைச் சரியாகச் சொன்னதால் ஏற்கப்பட்டது. ஒருவர் உள்ளத்தில் இரண்டும் இருந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகிவிடாது.

போருக்கும் நம் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னைக்கு வந்தார். அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்திலேயே மாணவர்களைக் கூட்டி நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்கைக் கண்டு வியந்து பாராட்டினார். அப்பாராட்டு பிரதமர் நேருவின் கவனத்தை ஈர்த்தது. விளைவாக 1962 சனவரி 3ஆம் நாள் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. 1980களில் அந்நிறுவனத்தின் இயக்குநராக அமர்ந்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அவரும் வைத்தியநாத் மிஸ்ராவும் 1977இல் வெளியிட்ட ஒரு கட்டுரையும் நம் பொருளுக்குள் வந்துவிட்டது. சிதையக்கூடிய ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாது அளந்துகொண்டே இருந்தால் அது சிதையாமல் உறைந்து நிற்கும் என்பது அவர்கள் காட்டிய விளைவு. கிரேக்கத்துச் சீனோவின் 'பறக்கும் அம்பு நகர்வதில்லை' என்ற புதிரை நினைந்து அதற்குச் சீனோ விளைவு என்று பெயரிட்டார்கள். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளில் இது மெய்யாகவே காட்டப்பட்டது.

இதில் மெய்யியல் நுட்பம் ஒன்று உண்டு. 'அளத்தல்' என்றதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதாக நாம் எண்ணுகிறோம். 'பார்ப்பவன் மனமே உலகைப் படைக்கிறது' என்று மேடைகளில் முழங்குவதற்கும் இந்த எண்ணமே ஊற்று. பெரிலியம் அயனியைப் 'பார்த்தது' ஒளிக்கற்றை; மனம் அன்று. அமைப்பின் நிலையைப் பற்றிய தடம் சுற்றுப்புறத்தில் பதிந்தால் அதுவே அளத்தல். காற்றின் மூலக்கூறு ஒன்று மோதிச் சென்றாலும் போதும்.

உயிருக்கும் மேற்பொருந்துதலுக்கும் இடையே நிற்கும் பெருந்தடையும் இதுவே. தைப்பூசக் கூட்டத்தின் நடுவே இருவர் காதோடு காதாக ஒரு மறைச்செய்தியைப் பேசிக்கொள்ள முயல்வதாகக் கருதுங்கள். நொடிக்கு நொடி யாரோ இடிக்கிறார்கள், கேட்டுவிட்டுப் போகிறார்கள். உயிரணுவின் உட்புறம் அத்தகையது: வெப்பம், ஈரம், ஓயாத மோதல். 2000ஆம் ஆண்டில் மாக்ஸ் டெக்மார்க் என்பவர் மூளைக்கு இதைக் கணக்கிட்டார். மூளை நரம்பணுக்களில் மேற்பொருந்துதல் ஏற்பட்டாலும் அது நிலைக்கும் காலம், மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. நரம்பணு ஒருமுறை தூண்டலைச் செலுத்தவோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் மேற்பொருந்துதல் எத்தனையோ கோடி முறை கலைந்துபோயிருக்கும். உணர்வுநிலையைக் குவாண்டத்தால் விளக்க முற்பட்ட பென்ரோசும் ஹாமரோஃபும் இக்கணக்கை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்றாலும் பெரும்பான்மை இயற்பியலர் டெக்மார்க்கின் பக்கமே.

இவ்வளவு தடைக்கும் இடையே உயிர்களில் மேற்பொருந்துதல் காணப்பட்டது என்ற முழக்கம் 2007இல் எழுந்தது. பெர்க்லியில் கிரேம் ஃபிளெமிங் குழுவினர், பசுங்கந்தகப் பாக்டீரியத்தின் ஒளிச்சேர்க்கைப் புரதத்தை லேசர் துடிப்புகளால் ஆராய்ந்தனர். ஒளியின் ஆற்றல் ஒரு நிறமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லாமல், பல வழிகளிலும் ஒருங்கே அலையாகப் பரவுவது போன்ற அதிர்வுகள் தென்பட்டன. முதல் ஆய்வு 77 கெல்வினில், அதாவது சுழியத்திற்குக் கீழ் 196 பாகையில் நடந்தது. 2010இல் ஏறத்தாழ நான்கு பாகை செல்சியசிலும் அவை தெரிந்தன. இலை என்பது ஒரு குவாண்டம் கணினி என்றெல்லாம் எழுதினார்கள். செடெனாக்கைச் சுற்றி நிற்கும் செம்பனைகள் அனைத்தும் நாள்தோறும் வெயிலில் நின்று குவாண்டம் கணக்குப் போடுகின்றன என்று கற்பனை செய்ய யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை நிலைக்கவில்லை. மீளாய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2017இல் அறைவெப்பத்தில் அளந்தபோது அந்த மின்னணுக் கூட்டுநிலை மிக விரைவில், ஆற்றல் பயணத்திற்குப் பயன்படாத அளவு விரைவில், கலைந்துவிடுவது தெரிந்தது. 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி எழுதிய மதிப்பீடு, நெடுநேரம் நீடித்த அந்த அதிர்வுகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் அசைவதிர்வுகளே என்று முடிவு கூறியது. அந்த மீளாய்வில் பங்கேற்றவர்களுள் தொடக்கத்தில் குவாண்டம் விளக்கத்தை முன்னெடுத்தவர்களும் உண்டு. முழக்கம் முதற்பக்கத்தில் வந்தது. திருத்தம் உள்பக்கத்திலும் வரவில்லை. இன்றும் 2007ஐ மட்டும் மேற்கோள் காட்டும் தமிழ்க் கட்டுரைகளைக் காண்கிறேன்.

அப்படியானால் ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியது பறவையின் கண்ணில் இருக்கிறது. ஐரோப்பிய ராபின் என்னும் சிறு பறவை இரவில் வலசை போகும்போது புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை அறிகிறது. புவிக் காந்தம் மிக மெலிது. வேதிவினை ஒன்றை அது மாற்றக்கூடும் என்று நம்புவதே கடினம். 1978இல் கிளாஸ் ஷுல்டென் ஒரு வழி சொன்னார். ஒளிபட்டு மின்னணு ஒன்று தாவும்போது இரண்டு மூலக்கூறுகளில் இணையற்ற மின்னணுக்கள் உண்டாகும். அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிர், ஒருதிசை என்னும் இருநிலைகளின் கூட்டாக ஊசலாடும். மெல்லிய காந்தப்புலமும் அந்த ஊசலாட்டத்தைச் சாய்க்க வல்லது என்றார். அமெரிக்காவின் பெயர்பெற்ற இதழொன்று அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. செருமானிய இதழில் அது வெளிவந்தது. 2000இல் அவரும் துணையாய்வாளரும் அம்மூலக்கூறு பறவைக் கண்ணின் கிரிப்டோகுரோம் என்னும் புரதமாகலாம் என்றனர். 2021இல் ராபினின் அப்புரதம், ஆய்வகக் குப்பியில், காந்தத்திற்கு இணங்குவது காட்டப்பட்டது. உயிருள்ள பறவையினுள் அப்படியே நடக்கிறதா என்பது இறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் இன்றைக்கு இத்துறையின் வலுவான சான்று இதுவே. 2009இல் கிரேக்க நாட்டு இயற்பியலர் கோமினிசு, சுதர்சனும் மிஸ்ராவும் சொன்ன அதே சீனோ விளைவு இப்பறவைத் திசைகாட்டியில் செயற்படுகிறது என்று முன்மொழிந்தார். அதனை மறுப்பாரும் உளர்.

ஆண்டிறுதியில் நம் தோட்டங்களுக்கு வடக்கிலிருந்து வந்து தங்கும் பழுப்புக் கீச்சானைப் பார்க்கும்போது எனக்கு இக்கதை நினைவுக்கு வரும். அதன் கண்ணை யாரும் இவ்வாறு ஆராய்ந்ததாக நான் படித்ததில்லை. எனவே மாணவரிடம் ராபினைப் பற்றி மட்டுமே சொல்வேன்.

ஒன்றைக் கவனியுங்கள். பறவைத் திசைகாட்டியில் மேற்பொருந்தி நிற்பவை இரண்டு மின்னணுக்களின் சுழற்சிகள். பறவை அன்று. பறவை ஒரே கிளையில்தான் அமர்ந்திருக்கிறது. 'உயிருக்குள் மேற்பொருந்துதல்' வேறு. 'உயிரே மேற்பொருந்தி நிற்றல்' வேறு. நம் புலனச் செய்திகள் முதலதைச் சொல்லி இரண்டாவதை நம்பவைக்கின்றன.

இரண்டாவதற்கும் முயற்சி நடந்தே வருகிறது. வியன்னாவில் 1999இல் அறுபது கரியணுக்களாலான பந்து போன்ற மூலக்கூறு இருவழி அலையாகச் சென்று வரிகளைப் பதித்தது. 2019இல் ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளும், 2020இல் மண்வாழ் பாக்டீரியம் ஆக்கும் கிராமிசிடின் என்னும் உயிர்ப்பொருளும் அவ்வாறே சென்றன. உயிரிடமிருந்து பெறப்பட்ட ஒரு மூலக்கூறு; உயிர் அன்று. 2010இல் ஐரோப்பியக் கோட்பாட்டாளர் சிலர், ஒரு நச்சுயிரியை ஒளியால் அந்தரத்தில் மிதக்கவிட்டு மேற்பொருந்தச் செய்யலாம் என்று ஒரு திட்டம் எழுதினர். நச்சுயிரி உயிரா என்பதே வழக்கு. எனவே ஐயத்திற்கு இடமில்லாத ஒரு விலங்கு தேவைப்பட்டது. அதுவும் கடுங்குளிரும் வெற்றிடமும் தாங்கும் விலங்கு.

இங்கேதான் நீர்க்கரடி வருகிறது. 1773இல் கோட்ஸ என்னும் செருமானியப் பாதிரியார் நுண்ணோக்கியில் இதைக் கண்டு, நடையைப் பார்த்துச் 'சிறு நீர்க்கரடி' என்றார். எட்டுக் கால்கள், கால்களில் நகங்கள். ஈரம் வற்றினால் உடலைச் சுருட்டிப் பீப்பாய் போலாகி, உயிர்ச்செயல்கள் அடங்கிக் கிடக்கும். மீண்டும் நீர் பட்டால் எழுந்து நடக்கும். இத்தகைய உயிர்த்தெழுதலை முதலில் கண்டவர் டச்சு நாட்டு லேவன்ஹுக். 1702இல் தம் வீட்டுக் கூரைத் தூம்பின் காய்ந்த மண்ணில் நீரூற்றி, அதில் சக்கர உயிரிகள் எழுந்து நீந்தக் கண்டார்.

சிங்கப்பூரில் ரெய்னர் டும்கே குழுவினர் பயன்படுத்திய நீர்க்கரடியும் கூரைத் தூம்பிலிருந்து எடுக்கப்பட்டதுதான். டென்மார்க்கின் நிவோ என்னும் ஊர். உயிரியல் பக்கத்தைக் கவனித்தவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் நாட்யா மொய்பியர். போர் உரையாற்றிய நகரத்தின் பல்கலைக்கழகமே அது. சுருண்டு கிடந்த நீர்க்கரடியை மீக்கடத்தியாலான இரு கியூபிட்டுகளுள் ஒன்றின்மேல் வைத்தனர். தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கினும் குறைவான வெப்பநிலைக்குக் குளிர்வித்தனர். விண்வெளியின் இருளே இதைவிடப் பன்மடங்கு வெம்மையானது. நீர்க்கரடி ஏறிய கியூபிட்டின் அதிர்வெண் சற்றே இறங்கியது. பின்னர் அந்தக் கியூபிட்டையும் மற்றொன்றையும் குவாண்டம் பின்னலில் இணைத்தனர். மேற்பொருந்துதல் இரண்டு பொருள்களுக்குப் பொதுவாகி, ஒன்றைத் தனித்து விவரிக்க இயலாமற் போவதே பின்னல். 420 மணி நேரம், அதாவது பதினேழரை நாள், அக்கடுங்குளிரிலும் வெற்றிடத்திலும் கிடந்தபின், மெல்ல மெல்ல வெப்பமேற்றி நீர் தெளித்தபோது நீர்க்கரடி எழுந்து நடந்தது.

கட்டுரை முதலில் இணையத்தில் முன்வரைவாக வெளியானபோது, மீக்கடத்திக் கியூபிட்டுகளுக்கும் ஒரு நீர்க்கரடிக்கும் இடையிலான பின்னல் என்று தலைப்பிட்டிருந்தனர். இயற்பியலர் பலர் உடனே மறுத்தனர். மின்கடத்தாப் பொருள் எதைக் கியூபிட்டின்மேல் வைத்தாலும் அதிர்வெண் இறங்கத்தான் செய்யும். தூசி வைத்தாலும் இறங்கும். கியூபிட்டு செதுக்கப்பட்ட சிலிக்கான் வில்லையும் அதே வகையில் 'பின்னப்பட்டது' என்று சொல்லிவிடலாமே என்றனர். நீர்க்கரடியைத் தனியே அளந்து அதன் மேற்பொருந்துதலை யாரும் காட்டவில்லை. 2022இல் இதழில் முறையாக வெளிவந்தபோது தலைப்பு, கியூபிட்டு-கியூபிட்டு-நீர்க்கரடி அமைப்பில் பின்னல் என்று மாறியிருந்தது. பின்னல் 'அமைப்பில்' உள்ளது. நீர்க்கரடியோடு என்று அடித்துச் சொல்லப்படவில்லை. தலைப்பில் நேர்ந்த இச்சிறு மாற்றத்தை உயர்நிலை மாணவர்க்கு ஒரு பாடமாகவே எடுக்கலாம். நம் அளவுகோலின்படி, வரி தெரியவில்லை.

என் கணிப்பில் இந்த ஆய்வின் உண்மையான சிறப்பு குவாண்டத்தில் இல்லை; அந்தப் பதினேழரை நாளில் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் பதினேழு நாளும் அது உயிரோடு இருந்ததா?" என்று கேட்டாள். மூச்சில்லை, செரிமானம் இல்லை, எந்த வேதிவினையும் இல்லை என்றேன். "அப்படியென்றால் செத்துவிட்டதா?" செத்தது எழுந்து நடக்காதே என்றது பின்வரிசை. வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. சுரோடிங்கரின் பூனைக்காக அறிஞர்கள் போட்ட சண்டை செடெனாக்கில் நீர்க்கரடிக்காக நடந்தது.

அம்மாணவியின் கேள்வியை 1959இல் டேவிட் கெய்லின் என்னும் உயிரியலர் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். இத்தகைய நிலைக்கு மறையுயிர்ப்பு என்னும் பொருளில் ஒரு பெயரும் இட்டார். உயிர் என்பது ஓர் இயக்கம் என்றால், இயக்கம் நின்றதும் உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனவே இந்நிலையில் உயிர் என்று சொல்லத்தக்கது குலையாமல் நிற்கும் கட்டமைப்பே என்று அவர் கருதினார். நிறுத்திவைத்த கடிகாரம் போல: முள் ஓடவில்லை, பற்சக்கரம் ஒன்றும் உடையவுமில்லை.

இங்கே போரின் பழைய வாதம் ஒரு புதிய சிக்கலுக்கு உள்ளாகிறது. உயிரைக் கொல்லாமல் அணுவளவில் அணுக முடியாது என்றார் அவர். சிங்கப்பூரில் உயிரைக் கொல்லாமல் குவாண்டம் கருவிக்குள் வைத்து எடுத்துவிட்டார்கள். அவர் தோற்றாரா? நான் அப்படிக் கருதவில்லை. உள்ளே இருந்தவரை அது வாழவில்லை; வாழத் தொடங்கியபோது உள்ளே இல்லை. குவாண்டம் நிலையைக் காக்கத் தேவைப்பட்ட குளிரும் வெறுமையும் வாழ்தலை நிறுத்திவைத்தே கிடைத்தன. அதே வேளை, அவர் எண்ணிய விலக்கம் உயிரின் ஆழ்ந்த மறைபொருள் ஒன்றைக் காட்டுகிறது என்றும் சொல்ல இயலாது. சூடும் ஈரமும் மோதலும் இருக்கும் இடத்தில் கூட்டுநிலை கலையும். அவை இல்லாத இடத்தில் உயிர்ச்செயல் நடவாது. விலக்கத்திற்கு இதுவே போதுமான காரணம்.

சைவ வகுப்பில் ஆன்மாவைச் சதசத்து என்று பயின்ற பெற்றோர் சிலர், அது மேற்பொருந்துதல்தானே என்று கேட்பதுண்டு. மெய்கண்டார் காட்டும் ஆன்மா, தானே சத்தும் ஆகாது, அசத்தும் ஆகாது. சார்ந்ததன் தன்மையாய் நிற்பது. அறிதல் பற்றியும் விடுதலை பற்றியும் எழுந்த, பல நூற்றாண்டு உரைமரபு தாங்கிய கருத்து அது. அதனை ஆய்வகத்து வரிகள் மெய்ப்பிக்கவும் வேண்டா, பொய்ப்பிக்கவும் இயலா. சமண ஏரணத்தின் சியாத்வாதத்தைப் போரின் நிரப்புமையோடு வைத்துப் பார்த்தவர் இயற்பியலறிஞர் தௌலத் சிங் கோத்தாரி; அவரும் இரண்டையும் சிந்தனை முறைகளாகவே ஒப்பிட்டார். சதசத்துக்குக் குவாண்டம் முத்திரை குத்தினால், 2007இன் முழக்கம் 2020இல் சரிந்தது போல் நாளை ஓர் ஆய்வு சரியும்போது மெய்கண்டாரையும் சேர்த்து இழுத்துவிடுவோம்.

நீர்க்கரடியைக் காண டென்மார்க்குக்குச் செல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சுவரிலோ மரப்பட்டையிலோ படர்ந்த பாசியைச் சிறிது பெயர்த்து, மழைநீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் கண்ணாடித் தட்டில் பிழிந்து, நாற்பது மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியில் பொறுமையாகத் தேடுங்கள். எல்லாப் பாசியிலும் அகப்படாது. ஐந்தாறு இடங்களில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மண்துகளுக்கு இடையே தத்தித் தத்தி நடப்பது தென்பட்டால் கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு இருக்கும்.